குதிரைப் பந்தயக் கணிப்பு: வெல்லும் குதிரையைக் கண்டறிவதும் லாபம் ஈட்டுவதும் ஒன்றா? ஒரு விரிவான பார்வை

மும்பை: மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா என நாட்டின் எந்த மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடைபெற்றாலும், அன்று காலை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு பட்டியல் இடம்பெறுவது வழக்கம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் வெற்றி வாய்ப்புள்ள மூன்று குதிரைகளின் பெயர்கள் வரிசையாகத் தரப்படும். இறுதியில் 'அன்றைய நாளின் சிறந்த தேர்வு' என்று ஒரே ஒரு பெயர் இருக்கும்.

இந்தப் பட்டியல் ஊகம் அல்ல, ஜோதிடமும் அல்ல. குதிரையின் முந்தைய ஓட்டங்கள், அது சுமக்கும் எடை, பந்தயத்தின் தூரம், தடத்தின் தன்மை, காலைப் பயிற்சியில் காட்டிய வேகம் ஆகியவற்றை ஒப்பிட்டுத் தயாரிக்கப்படும் மதிப்பீடு அது. குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த போட்டி என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதற்கும் இத்தகைய ஆய்வுக்கு அதில் இடமுண்டு என்பது ஒரு காரணம்.

ஆயினும், வெல்லக்கூடிய குதிரையைச் சரியாகக் கணிப்பது ஒன்று. அந்தக் கணிப்பை நம்பிப் பணம் கட்டி லாபம் ஈட்டுவது முற்றிலும் வேறொன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் பணம் கட்டுவோரே பெரும்பாலும் இழப்பைச் சந்திக்கின்றனர். ஒரு பந்தய நாளின் முன்னோட்டம் எவ்வாறு தயாராகிறது, அதை எவ்வாறு படிக்க வேண்டும், அது சொல்லாமல் விடுவது என்ன என்பதை இங்கு காணலாம்.

பந்தய அட்டையில் என்ன இருக்கிறது?

கணிப்பின் தொடக்கம் பந்தய அட்டை. ஒவ்வொரு பந்தயத்திலும் ஓடும் குதிரைகளின் எண், பெயர், வயது, பாலினம், தாய் தந்தை விவரம், உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, புறப்படும் கேட் எண் ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். குதிரைக்கு அணிவிக்கப்படும் லாடம் அலுமினியமா, எஃகா என்பதும், பக்கவாட்டுப் பார்வையைத் தடுக்கும் கண்மறைப்பு அணிந்து ஓடுகிறதா என்பதும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும்.

இவற்றுள் கணிப்பாளர்கள் முதலில் பார்ப்பது 'ஃபார்ம்' எனப்படும் அண்மைக்கால ஓட்ட வரலாற்றை. கடைசி ஐந்தாறு பந்தயங்களில் குதிரை பிடித்த இடங்களை அது எண்களாகக் காட்டும். ஆனால், அந்த எண்கள் மட்டும் போதுமானவை அல்ல. வலுவான குதிரைகளுக்கு எதிராக நான்காவது இடம் பிடித்த குதிரை, பலவீனமான குதிரைகளுக்கு எதிராக வென்ற குதிரையைவிட மேலானதாக இருக்கக்கூடும்.

எனவே, எத்தனையாவது இடம் என்பதுடன் எவ்வளவு இடைவெளியில் என்பதும் முக்கியமாகிறது. இந்த இடைவெளி 'நீளம்' என்ற அளவில் கூறப்படுகிறது. ஒரு குதிரையின் மூக்கிலிருந்து பின்பகுதி வரையிலான தூரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மீட்டர், ஒரு நீளம் எனக் கொள்ளப்படுகிறது. அதைவிடக் குறைந்த இடைவெளிகள் 'கழுத்து', 'தலை', 'மூக்கு' எனப்படும். 1,600 மீட்டரை ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடக்கும் குதிரைகள், புகைப்படத்தின் துணையுடன் மட்டுமே பிரித்தறியக்கூடிய இடைவெளியில் எல்லைக் கோட்டைத் தொடுவது அரிதல்ல.

எல்லோரையும் சமமாக்கும் எடை

இந்தியாவில் நடைபெறும் பந்தயங்களில் பெரும்பாலானவை 'ஹேண்டிகேப்' வகையைச் சேர்ந்தவை. திறன் மிகுந்த குதிரை அதிக எடையையும், திறன் குறைந்த குதிரை குறைந்த எடையையும் சுமந்து ஓட வேண்டும் என்பதே இதன் விதி. இதற்காகப் பந்தய மன்றங்களில் 'ஹேண்டிகேப்பர்' என்ற அதிகாரி பணியமர்த்தப்படுகிறார். அவர் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டங்களின் அடிப்படையில் தரப் புள்ளிகளை வழங்குகிறார்.

இந்திய நடைமுறையில் ஒரு தரப் புள்ளி பொதுவாக அரை கிலோ எடைக்குச் சமம். எடுத்துக்காட்டாக, மும்பையில் நான்காம் வகுப்புப் பந்தயம் என்பது 20 முதல் 46 புள்ளிகள் வரை பெற்ற குதிரைகளுக்கானது. 46 புள்ளிகள் பெற்ற குதிரை 62 கிலோ சுமந்தால், 20 புள்ளிகள் பெற்ற குதிரை 49 கிலோ சுமக்கும். இந்த எடையில் ஜாக்கியின் உடல் எடையும் சேணத்தின் எடையும் அடங்கும். குறைவாக இருந்தால் ஈயத் தகடுகள் சேர்த்து ஈடு செய்யப்படும்.

இதில் கணிப்பாளர்கள் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. ஹேண்டிகேப்பரின் பணியே அனைத்துக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தொடும் வகையில் எடையை வகுப்பதாகும். அதாவது, எந்தக் குதிரை வெல்லும் என்று எவராலும் எளிதில் சொல்ல முடியாத நிலையை உருவாக்குவதற்காகவே ஓர் அதிகாரி பணியாற்றுகிறார். அவருடைய மதிப்பீட்டில் எங்கு பிழை இருக்கிறது என்று தேடுவதே கணிப்பாளரின் வேலை.

அத்தகைய பிழைகள் சில இடங்களில் ஏற்பட வாய்ப்புண்டு. வளர்ந்துவரும் இளம் குதிரை, அதற்குத் தரப்பட்ட புள்ளிகளைவிட வேகமாக முன்னேறியிருக்கலாம். காயத்திலிருந்து மீண்ட குதிரை, தொடர் தோல்விகளால் புள்ளிகள் குறைந்து, உண்மைத் திறனுக்குக் குறைவான எடையுடன் களமிறங்கலாம். பயிற்சி ஜாக்கிகளுக்கு அளிக்கப்படும் எடைச் சலுகையும் கணக்கை மாற்றக்கூடும். அனுபவம் குறைந்த அந்த ஜாக்கி, குறைந்த எடையின் பயனைத் தன் தவறுகளால் இழந்துவிடுவாரா என்பது அடுத்த கேள்வி.

வகுப்பு, தூரம், தடம்

கீழ் வகுப்பில் வென்று புள்ளிகள் உயர்ந்த குதிரை, மேல் வகுப்பில் முதன்முறையாக ஓடும்போது தடுமாறுவது பொதுவான காட்சி. அதற்கு மாறாக, மேல் வகுப்பிலிருந்து இறங்கிவரும் குதிரை கூடுதல் எடை சுமந்தாலும், எதிராளிகளின் தரம் குறைவதால் பயனடையலாம்.

தூரமும் அவ்வாறே. 1,000 அல்லது 1,200 மீட்டர் பந்தயங்களில் புறப்பாட்டு வேகமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கு கேட் எண்ணுக்கும் முக்கியத்துவம் அதிகம். வளைவில் வெளிப்புறமாக ஓட நேரும் குதிரை கூடுதல் தூரம் கடக்க வேண்டியிருக்கும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்களில் தாங்குதிறனும், எப்போது வேகத்தைக் கூட்டுவது என்ற ஜாக்கியின் கணக்கும் முதன்மை பெறுகின்றன.

பருவநிலையும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். மும்பையில் பந்தயங்கள் குளிர்காலத்தை ஒட்டி நடைபெறுகின்றன. மழைக்காலத்தில் அவை புனேவுக்கு மாறுகின்றன. மழையால் தடம் மென்மையாகும்போது, இறுகிய தரையில் சிறப்பாக ஓடிய குதிரைகள் பின்தங்கலாம். தடத்தின் இறுக்கம் 'பெனட்ரோமீட்டர்' என்ற கருவியால் அளக்கப்பட்டு அறிவிக்கப்படுகிறது. முதல் நாள் வெளியான கணிப்புக்கும் பந்தய நேரத்து நிலவரத்துக்கும் இடையே ஓர் இரவு மழை பெய்தாலே போதும், அந்தக் கணிப்பு காலாவதியாகிவிடும்.

காலைப் பயிற்சி தரும் தகவல்

பந்தய நாளுக்கு முன்பாக, விடியற்காலையில் நடைபெறும் பயிற்சி ஓட்டங்களின் நேரம் பதிவு செய்யப்பட்டு நாளிதழ்களில் வெளியிடப்படுகிறது. '600 மீட்டர் 39 விநாடி, எளிதாக' என்பது போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். நேரத்தைவிட, அதனுடன் வரும் சொல்லே பலமுறை முக்கியமானது. ஜாக்கி உந்தாமலேயே குதிரை அந்த நேரத்தைத் தொட்டதா, அல்லது முழுவதுமாக விரட்டப்பட்டுத் தொட்டதா என்பதை அச்சொல் உணர்த்தும்.

இதிலும் எச்சரிக்கை தேவை. பயிற்சியில் குதிரையை ஓட்டியவரின் எடை என்ன, தடத்தின் எந்தப் பகுதியில் ஓடியது, பயிற்சியாளர் அன்று எதைச் சோதித்தார் என்பவை பட்டியலில் இருப்பதில்லை. காலையில் பறக்கும் குதிரைகள் சில, கூட்டமும் இரைச்சலும் நிறைந்த மாலையில் சோபிப்பதில்லை.

கடைசி வாய்ப்பு 'படாக்' எனப்படும் அணிவகுப்பு வளையத்தில் கிடைக்கிறது. பந்தயத்துக்குச் சற்று முன்பு குதிரைகள் அங்கு நடத்திக் காட்டப்படும். நடையில் தளர்வு, அளவுக்கு மீறிய வியர்வை, படபடப்பு ஆகியவற்றை அனுபவம் வாய்ந்தவர்கள் அங்கு கவனிப்பார்கள். முதல் நாளே எழுதப்பட்ட முன்னோட்டத்தில் இந்தத் தகவல் இடம்பெற வாய்ப்பே இல்லை.

டெர்பி: மாறுபட்ட கணக்கு

மகாலட்சுமி மைதானத்தில் பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் இந்தியன் டெர்பி, நாட்டின் மிகவும் புகழ்பெற்ற பந்தயமாகும். முதன்முதலாக 1943ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட இப்பந்தயத்தில், பரோடா மகாராஜாவுக்குச் சொந்தமான 'பிரின்சஸ் பியூட்டிஃபுல்' என்ற பெண் குதிரை வெற்றி பெற்றது.

நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே பங்கேற்கும் இப்பந்தயத்தின் தூரம் 2,400 மீட்டர். இது ஹேண்டிகேப் பந்தயம் அல்ல. பெண் குதிரைகளுக்கு வழங்கப்படும் சிறு சலுகை தவிர, அனைத்துக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமக்கின்றன. எனவே, இங்கு கணிப்பாளர் ஹேண்டிகேப்பரின் பிழையைத் தேடுவதில்லை. எது உண்மையிலேயே சிறந்த குதிரை என்று தேடுகிறார்.

அதிலும் ஒரு புதிர் உண்டு. டெர்பிக்கு முன்னதாக நடைபெறும் இந்தியன் 2,000 கினீஸ் பந்தயத்தின் தூரம் 1,600 மீட்டர். அதில் வென்ற குதிரை மேலும் 800 மீட்டர் தாக்குப்பிடிக்குமா என்பதற்குப் பெரும்பாலும் நேரடிச் சான்று இருக்காது. அப்போது அதன் தாய் தந்தை வழியில் நீண்ட தூரம் வென்ற குதிரைகள் உண்டா என்பது ஆராயப்படுகிறது. கினீஸ் பந்தயத்தின் கடைசி 200 மீட்டரில் அது களைத்துப்போய் வென்றதா, வலுவுடன் வென்றதா என்பதும் கவனிக்கப்படுகிறது.

இத்தகைய பந்தயங்களில் தகுதி வாய்ந்த குதிரை வெல்லும் வாய்ப்பு ஹேண்டிகேப் பந்தயங்களைவிட அதிகம். ஆயினும் உறுதி என்று எதுவும் இல்லை. 1970களில் இந்தியப் பந்தயங்களில் ஆதிக்கம் செலுத்திய 'ஸ்குவாண்டரர்' என்ற குதிரை, பங்கேற்ற 19 பந்தயங்களில் 18இல் வென்றது. அத்தகைய குதிரைக்கும் தோல்வியுற்ற நாள் ஒன்று இருந்தது.

ஒரு மாதிரிப் பந்தயம்

மேற்கண்டவை எவ்வாறு ஒன்றிணைகின்றன என்பதைக் கற்பனையான ஒரு பந்தயத்தின் மூலம் விளக்கலாம். நான்காம் வகுப்பு, 1,200 மீட்டர், எட்டுக் குதிரைகள். அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

குதிரை 'அ': கடந்த பந்தயத்தில் இதே தூரத்தில் 57 கிலோ சுமந்து, மூன்று நீள இடைவெளியில் எளிதாக வென்றது. அதனால் தரப் புள்ளிகள் 36இலிருந்து 46ஆக உயர்த்தப்பட்டன. இன்று சுமப்பது 62 கிலோ.

குதிரை 'ஆ': அதே பந்தயத்தில் 58 கிலோ சுமந்து, 'அ'வுக்கு மூன்று நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. புள்ளிகளில் மாற்றம் இல்லை. இன்றும் 58 கிலோ.

குதிரை 'இ': மேல் வகுப்பில் 1,600 மீட்டர் பந்தயங்களில் மூன்று முறை தோற்று, 40 புள்ளிகளுக்கு இறங்கி வந்துள்ளது. இன்று 59 கிலோ. முன்பு 1,200 மீட்டரில் வென்றுள்ளது. காலைப் பயிற்சியிலும் வேகம் காட்டியுள்ளது.

1,200 மீட்டரில் ஒரு நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோவுக்குச் சமம் என்று கொண்டால், 'அ'வின் மேல் ஏற்றப்பட்ட 5 கிலோ ஏறத்தாழ நான்கு நீளத்துக்கு ஈடாகிறது. அப்படியானால், கடந்த முறை மூன்று நீளம் பின்தங்கிய 'ஆ', இம்முறை ஒரு நீளம் முன்னால் வர வேண்டும். ஆனால், 'அ' கடந்த முறை விரட்டப்படாமலேயே வென்றது. தேவைப்பட்டிருந்தால் ஐந்து நீளத்திலும் வென்றிருக்கலாம். எண்கள் 'ஆ'வைக் காட்டுகின்றன. கண்ணால் கண்டவர்கள் 'அ'வைச் சொல்கின்றனர்.

எல்லாவற்றையும் எடைபோட்டு, ஒரு கணிப்பாளர் 'ஆ'வுக்கு 32 சதவீதம், 'அ'வுக்கு 30 சதவீதம், 'இ'க்கு 18 சதவீதம், மற்ற ஐந்து குதிரைகளுக்கும் சேர்த்து 20 சதவீதம் என வாய்ப்பைப் பகிர்ந்தளிக்கிறார் என்று கொள்வோம். நாளிதழில் 'ஆ, அ, இ' என்ற வரிசை வெளியாகும்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. முதலிடத்தில் பெயர் வந்த 'ஆ'வின் வெற்றி வாய்ப்பு, கணிப்பாளரின் சொந்த மதிப்பீட்டின்படியே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அது தோற்கும் வாய்ப்பு 68 சதவீதம். அச்சில் வரும் மூன்று பெயர்களில் இந்தச் சதவீதங்கள் தெரிவதில்லை. உலகின் பல நாடுகளிலும் மக்களின் பெரும்பான்மை ஆதரவைப் பெற்ற குதிரைகள் ஏறத்தாழ மூன்று பந்தயங்களுக்கு ஒன்றில்தான் வெல்கின்றன என்பதையும் இத்துடன் இணைத்துப் பார்க்கலாம்.

விலை: கணிப்பின் மறுபாதி

பந்தய மைதானங்களில் பணம் கட்டுவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, உரிமம் பெற்ற புக்கிகள் அறிவிக்கும் விகிதத்தில் கட்டுவது. மற்றொன்று, 'டோட்' எனப்படும் டோட்டலைசேட்டர் மூலம் கட்டுவது.

டோட் முறையில் அனைவரும் கட்டும் தொகை ஒரே தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து மன்றத்தின் பங்கு கழிக்கப்பட்டு, எஞ்சிய தொகை வென்ற குதிரையின் மீது கட்டியவர்களுக்குப் பகிரப்படுகிறது. ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்து, 20 சதவீதம் கழிக்கப்படுவதாகக் கொண்டால், எஞ்சுவது 80,000 ரூபாய். வென்ற குதிரையின் மீது 40,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு 10 ரூபாய்க்கும் 20 ரூபாய் கிடைக்கும். 8,000 ரூபாய் மட்டுமே கட்டப்பட்டிருந்தால், 10 ரூபாய்க்கு 100 ரூபாய் கிடைக்கும். பந்தய முடிவுகளில் 'டோட் 20 ரூபாய்' என்று வெளியாவது இந்த 10 ரூபாய்க்கான தொகையே.

வெற்றிக்கு மட்டுமின்றி, இடம் பிடிப்பதற்கும், முதலிரு குதிரைகளை இணைத்துச் சொல்வதற்கும், முதல் மூன்று இடங்களைச் சொல்லும் 'டனாலா'வுக்கும், தொடர்ச்சியான பந்தயங்களின் வெற்றியாளர்களைச் சொல்லும் 'டிரெபிள்', 'ஜாக்பாட்' ஆகியவற்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள் உண்டு. கணிக்க வேண்டியவை கூடக்கூடப் பரிசு பெரிதாகிறது. வெல்லும் வாய்ப்போ பெருக்கல் முறையில் சுருங்குகிறது. ஒவ்வொன்றும் 30 சதவீத வாய்ப்புள்ள மூன்று குதிரைகளும் வென்றாக வேண்டும் எனில், அந்த வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு.

ஆக, டோட்டில் ஒருவர் எதிர்த்து ஆடுவது மன்றத்தை அல்ல. தம்மைப்போலவே அட்டையைப் படித்துவிட்டு வந்திருக்கும் மற்றவர்களை. அனைவருக்கும் தெரிந்த தகவல், விலையில் ஏற்கெனவே கலந்துவிட்டிருக்கும். நாளிதழில் வெளியான 'சிறந்த தேர்வு' அனைவரும் படித்த தேர்வு என்பதால், அதன் மீது பணம் குவிந்து, கிடைக்கும் தொகை குறைகிறது.

கூட்டத்தின் மதிப்பீடு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதன் தெரிந்த குறைபாடு ஒன்றை அமெரிக்க உளவியலாளர் ஆர்.எம். கிரிஃபித் 1949ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். வாய்ப்புக் குறைந்த குதிரைகளின் மீது, அவற்றின் தகுதிக்கு மீறிய தொகையை மக்கள் கட்டுகின்றனர் என்பதே அது. சிறு தொகைக்குப் பெரும் பரிசு என்ற ஈர்ப்பு, கணக்கை மறைத்துவிடுகிறது.

ஹாங்காங்கில் கணினி மாதிரியைக் கொண்டு பெரும் தொகை ஈட்டிய அமெரிக்கர் பில் பென்டர், 1994ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி வெளியிட்ட கட்டுரையில், மாதிரியின் மதிப்பீட்டை மட்டும் நம்பாமல் மக்கள் நிர்ணயித்த விலையையும் அதனுடன் இணைத்ததாகக் குறிப்பிட்டார். பல்லாண்டுத் தரவுகளையும் கணினிகளையும் வைத்திருந்தவரே கூட்டத்தின் அறிவைப் புறக்கணிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

சென்னை கிண்டி மைதானத்தை மையமாகக் கொண்டு எழுந்த கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் தற்செயலைச் சார்ந்த சூதாட்டம் அல்ல என்றும், குதிரையின் வேகம், தாங்குதிறன், ஜாக்கியின் திறமை ஆகியவற்றைச் சார்ந்த திறமைப் போட்டி என்றும் அத்தீர்ப்பு கூறியது. நாட்டின் பந்தய மன்றங்கள் இன்றளவும் தங்கள் சட்ட நிலைக்கு இத்தீர்ப்பையே அடித்தளமாகக் கொண்டுள்ளன.

இத்தீர்ப்பு அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. திறமைக்கு இடமுண்டு என்பதையே நீதிமன்றம் சொன்னது. திறமையுள்ளவர் லாபம் ஈட்டுவார் என்று அது சொல்லவில்லை. விளையாட்டின் தன்மை பற்றிய தீர்ப்பு அது. பணம் கட்டுபவருக்கு அளிக்கப்பட்ட உத்தரவாதம் அல்ல.

வரிக்குப் பின் என்ன மிஞ்சும்?

சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, சட்டம் குதிரைப் பந்தயத்தைப் பிற பந்தயங்களுடனேயே வைத்துள்ளது. கட்டப்படும் முழுத் தொகையின் மீது 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இந்த வரி கிடைத்த லாபத்தின் மீது அல்ல. வென்றாலும் தோற்றாலும் கட்டும் தொகையின் மீது.

மாதிரிப் பந்தயத்துக்கே திரும்பினால், இதன் விளைவு தெளிவாகும். 10 ரூபாய்க்கு 'அ' 16 ரூபாயும், 'ஆ' 35 ரூபாயும், 'இ' 70 ரூபாயும் தருவதாகக் கொள்வோம். கணிப்பாளரின் மதிப்பீடு முற்றிலும் சரி என்றே வைத்துக்கொள்வோம்.

மக்கள் 'அ'வின் மீது குவிந்துள்ளனர். எனவே, 'ஆ'வின் விலை கவர்ச்சியாக உள்ளது. இதே நிலையில் மீண்டும் மீண்டும் 10 ரூபாய் கட்டினால், சராசரியாகத் திரும்பக் கிடைப்பது 35 ரூபாயில் 32 சதவீதம், அதாவது 11 ரூபாய் 20 காசு. வரி இல்லாதிருந்தால் இது லாபம். ஆனால், 10 ரூபாய்க்கு 4 ரூபாய் வரி சேரும்போது செலவு 14 ரூபாயாகிறது. ஒவ்வொரு முறையும் சராசரி இழப்பு 2 ரூபாய் 80 காசு. 'இ'யின் கணக்கும் அவ்வாறே: சராசரி வரவு 12 ரூபாய் 60 காசு, செலவு 14 ரூபாய். 'அ'வைத் தேர்ந்தெடுத்தவருக்கோ சராசரி வரவு 4 ரூபாய் 80 காசு மட்டுமே.

கணிப்பு சரி, கூட்டத்தைவிடத் துல்லியமானதும்கூட. ஆயினும் மூன்று தேர்வுகளிலும் இழப்பே மிஞ்சுகிறது. 10 ரூபாய்க்கு 20 ரூபாய் தரும் குதிரைகளை மட்டுமே ஒருவர் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொண்டாலும், முதல் திரும்புவதற்கே அவர் நூற்றுக்கு 70 முறை சரியாகக் கணித்தாக வேண்டும். இதற்கு மேல், வெல்லும் தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் உண்டு. ஒரு பந்தயத்தில் தோற்ற தொகையை மற்றொன்றின் வெற்றியிலிருந்து கழித்துக் காட்ட வருமான வரிச் சட்டம் இடமளிப்பதில்லை.

இந்தச் சுமையைக் காரணம் காட்டி, வரி இல்லாத சட்டவிரோதப் பந்தயங்களின் பக்கம் சிலர் செல்கின்றனர். அங்கு விலை கவர்ச்சியாகத் தோன்றினாலும், வென்ற தொகை கைக்கு வருமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடனுக்குப் பந்தயம் ஏற்கப்படுவதால், கையில் இல்லாத பணத்தையும் ஒருவர் இழக்க நேரிடுகிறது. ஏமாற்றப்பட்டால் முறையிட வழியும் இல்லை.

முன்னோட்டத்தை எவ்வாறு படிப்பது?

இவை அனைத்தும் பந்தய முன்னோட்டங்கள் பயனற்றவை என்று பொருள்படாது. நல்ல முன்னோட்டம் ஒரு பந்தயத்தைப் புரிந்துகொண்டு ரசிக்க உதவுகிறது. அதை மதிப்பிடச் சில அளவுகோல்கள் உள்ளன.

பெயரைச் சொல்வதுடன் காரணத்தையும் அது சொல்கிறதா என்பது முதலாவது. எடை, தூரம், தடம் பற்றிய காரணம் இருந்தால், நிலவரம் மாறும்போது வாசகரே கணிப்பைத் திருத்திக்கொள்ள இயலும். மழை பெய்தாலோ, ஒரு குதிரை விலக்கப்பட்டாலோ, ஜாக்கி மாற்றப்பட்டாலோ, காரணம் இல்லாத பெயர் பயன்படாது.

தெளிவற்ற பந்தயத்தைத் தெளிவற்றது என்று ஒப்புக்கொள்கிறதா என்பது இரண்டாவது. ஒரு நாளின் ஏழெட்டுப் பந்தயங்களிலும் ஒரே உறுதியுடன் பேசும் முன்னோட்டம் நம்பத்தக்கது அல்ல. முதன்முறையாக ஓடும் இளம் குதிரைகளின் பந்தயத்தில் எவருக்கும் போதிய தகவல் இருப்பதில்லை.

மூன்றாவது, கடந்தகாலக் கணிப்புகள் அனைத்தையும் வைத்து அது தன்னை மதிப்பிடுகிறதா என்பது. நேற்றைய ஒரு வெற்றியை மட்டும் விளம்பரப்படுத்துபவர், சொல்லாமல் விட்ட தோல்விகள் எத்தனை என்று கேட்கப்பட வேண்டியவர். 'உள்ளிருந்து வந்த தகவல்', 'உறுதியான குதிரை' என்று கூறிக் கைப்பேசிச் செய்தி வழியே கட்டணம் கேட்போரிடம் இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். உறுதியான தகவல் ஒருவரிடம் இருக்குமானால், அதை அவர் பிறருக்கு விற்று, தமக்குக் கிடைக்கும் விலையைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்காது.

நாளிதழின் மூன்று பெயர்களில் முதலாவது, வெல்லப்போகும் குதிரை அல்ல. மற்றவற்றைவிட வெல்லும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக உள்ள குதிரை. பந்தயத்தைப் பார்த்து மகிழ அந்தத் தகவல் போதுமானது. மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டுவதற்கு அது போதுமானது அல்ல.